ஏபிஎன் எடுப்பதற்கு முன்பும் பின்பும்

"ஏபிஎன் வெச்சிருக்கீங்களா?" சிட்னியின் வென்ட்வொர்த்வில்லிலோ மெல்பர்னின் டேண்டினாங்கிலோ வந்து இறங்கிய சில வாரங்களிலேயே இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும். துப்புரவு வேலை கேட்டுப் போனால் கேட்பார்கள். உணவு டெலிவரி செயலியில் சேரும்போது செயலியே கேட்கும். வீட்டிலிருந்து பிளவுஸ் தைத்துக் கொடுப்பவரிடம் துணிக்கடைக்காரர் கேட்பார், ஒப்பந்த வேலைக்குப் போகும் ஐடி ஊழியரிடம் ஏஜென்சி கேட்கும். இல்லை என்று சொன்னால், "பத்து நிமிஷ வேலைதான், ஆன்லைன்ல எடுத்துடுங்க" என்று பதில் வரும்.

பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் அரசாங்கத்திடம் ஓர் உறுதிமொழி தருகிறீர்கள்: நான் யாருக்கும் ஊழியர் அல்ல, சொந்தமாகத் தொழில் நடத்துகிறேன். அன்று முதல் வரி கட்டுவது, ஓய்வூதியத்துக்குச் சேர்ப்பது, அடிபட்டால் பார்த்துக்கொள்வது, காய்ச்சலில் படுத்தால் அந்த நாளின் வருமானத்தை இழப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. இதெல்லாம் தெரிந்து எடுத்தால் ஏபிஎன் நல்ல கருவி. தெரியாமல் எடுத்துவிட்டு உழைப்புக்கு உரிய பணத்தை இழப்பவர்கள் நம்மவர்களில் ஏராளம், குறிப்பாகப் படிக்க வந்த பிள்ளைகள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் எண்ணைப் பார்ப்போம். ஏபிஎன் என்றால் ஆஸ்திரேலியன் பிசினஸ் நம்பர். 1999ல் சட்டம் இயற்றி, 2000 ஜூலை 1ல் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்தார்கள். மொத்தம் 11 இலக்கம். முதல் இரண்டு இலக்கங்கள், மற்ற ஒன்பதும் சரியா என்று சோதிப்பதற்காகச் சேர்த்தவை. ஆஸ்திரேலிய வரித்துறையின் சொந்த ஏபிஎன்னையே எடுத்துக்கொள்ளுங்கள்: 51 824 753 556. முதல் இலக்கத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும், 5 என்பது 4 ஆகிறது. பிறகு ஒவ்வோர் இலக்கத்தையும் வரிசையாக 10, 1, 3, 5, 7, 9, 11, 13, 15, 17, 19 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 534 வருகிறது. அது 89ஆல் மீதமின்றி வகுபட்டால் எண் சரியாக அமைந்திருக்கிறது. 534 என்பது 89 பெருக்கல் 6. இன்வாய்ஸில் ஓர் இலக்கம் தவறாக அடித்துவிட்டால் எதிர்த் தரப்பின் கணக்கு மென்பொருள் உடனே மறுப்பது இந்தக் கணக்கினால்தான்.

டிஎஃப்என் என்ற வரி எண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 9 இலக்கம், உங்களுக்கே உரியது, கண்டவரிடம் காட்டக் கூடாது. ஏபிஎன் ஊருக்கே தெரிய வேண்டிய எண். ஏபிஎன் லுக்கப் என்ற அரசு இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். உங்கள் பெயர், எண் நடப்பில் இருக்கிறதா, ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்திருக்கிறீர்களா, எந்த மாநிலம், எந்த அஞ்சல் குறியீடு என்பது வரை அதில் தெரியும். தெரு முகவரி தெரியாது. குடும்ப வன்முறை போன்ற காரணத்தால் இந்த அளவு தெரிவதுகூட ஆபத்து என்றால், விவரங்களை மறைக்கச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு.

தனியாளாகத் தொழில் நடத்துபவரை ஆஸ்திரேலியாவில் சோல் டிரேடர் என்பார்கள். கம்பெனி தொடங்கினால் சட்டத்தின் கண்ணில் கம்பெனி வேறு, நீங்கள் வேறு. சோல் டிரேடருக்கு அந்தப் பிரிவினை கிடையாது. தொழிலின் லாபம் உங்கள் தனி வருமானம், தொழிலின் கடன் உங்கள் சொந்தக் கடன். வாடிக்கையாளர் வழக்குப் போட்டு வென்றால் உங்கள் வீடும் சேமிப்பும் வரைக்கும் கை நீளலாம். அதனால் பிறர் வீட்டுக்குள் போய் வேலை செய்பவர்களும், வீட்டுக்குப் பிள்ளைகளை வரவழைத்துப் பாடமோ பரதநாட்டியமோ சொல்லித்தருபவர்களும் பொது இழப்பீட்டுக் காப்பீடு எடுத்து வைப்பது நல்லது. செலவு மிச்சம் என்று நினைத்துப் பலர் முதலில் விடுவது இதைத்தான்.

யார் ஏபிஎன் எடுக்கலாம்? தொழில் நடத்துகிறவர், அல்லது தொடங்கும் ஏற்பாட்டில் இறங்கிவிட்டவர். லாப நோக்கம் இருக்கிறதா, திரும்பத் திரும்பச் செய்கிறீர்களா, கணக்கு வைத்து முறையாக நடத்துகிறீர்களா என்பதை எல்லாம் சேர்த்துத்தான் தொழிலா பொழுதுபோக்கா என்று முடிவு செய்வார்கள். தோழியின் மகள் பிறந்தநாளுக்கு ஒரு முறை கேக் செய்து கொடுத்துப் பணம் வாங்கினால் அது தொழில் ஆகிவிடாது. விலைப்பட்டியல் போட்டு, வாரா வாரம் ஆர்டர் பிடித்தால் தொழில்தான். அப்போது ஏபிஎன் மட்டும் போதாது, சமையல் தொழில் என்றால் உள்ளூர் கவுன்சிலிடமும் பதிவு வேண்டும்.

ஏபிஎன் இல்லாமல் ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்து பில் கொடுத்தால் என்ன ஆகும்? தொகை 75 டாலருக்கு மேல் என்றால், கொடுப்பவர் அதில் 47 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். ஆயிரம் டாலர் பில்லுக்கு உங்கள் கைக்கு வருவது 530தான். பிடித்த பணத்தை ஆண்டு வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டும். பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு இந்தப் பிடித்தம் இல்லை. அதை எழுத்தில் உறுதி செய்து தருவதற்கு வரித்துறை ஒரு படிவம் வைத்திருக்கிறது.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். துப்புரவு நிறுவனம் ஒன்று உங்களை வேலைக்கு எடுக்கிறது என்று வையுங்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை அவர்கள் சொல்கிறார்கள். சீருடை, வேக்குவம், மருந்துகள் எல்லாம் அவர்களுடையவை. மணிக்கு இவ்வளவு என்று கூலி. உங்களால் வர முடியாத அன்று வேறு ஆளை அனுப்ப விடமாட்டார்கள். வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்கிறார்கள். அப்படியிருந்தும் "ஏபிஎன் எடுத்துட்டு வாங்க, இன்வாய்ஸ் போடுங்க" என்கிறார்கள். இது தொழில் அல்ல, வேலை. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஊழியரை ஒப்பந்தக்காரர் என்று பொய்யாகக் காட்டுவதை ஃபேர் வொர்க் சட்டம் தடை செய்கிறது. முதலாளிக்கு இதில் என்ன ஆதாயம்? சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, வார இறுதிக்கான கூடுதல் தொகை, ஓய்வூதியமான சூப்பரானுவேஷனுக்குச் சம்பளத்துக்கு மேல் 12 சதவீதம், காயம்பட்டால் தொழிலாளர் இழப்பீடு எல்லாவற்றிலும் அவருக்கு மிச்சம். அத்தனையும் உங்களுக்கு நட்டம்.

இன்வாய்ஸ் போட்டதாலோ ஒப்பந்தத்தில் 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்று எழுதிக் கையெழுத்திட்டதாலோ மட்டும் நீங்கள் ஒப்பந்தக்காரர் ஆகிவிட மாட்டீர்கள். 2024 ஆகஸ்ட் 26 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, பொதுவாகத் தாளில் இருப்பதோடு, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தை 13 13 94 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் 131 450க்கு அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லி அவர் மூலம் பேசலாம். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: உண்மையிலேயே ஒப்பந்தக்காரராக இருந்தாலும், உங்களுக்குத் தரும் பணம் பெரும்பாலும் உங்கள் உழைப்புக்கே என்றால் சூப்பர் கட்ட வேண்டிய கடமை கொடுப்பவருக்கு இருக்கலாம். ஏபிஎன் இருப்பதால் சூப்பர் கிடையாது என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

விசாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏபிஎன் வேலை அனுமதி அல்ல. மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஏபிஎன்னில் செய்யும் மணி நேரமும் அந்தக் கணக்கில் சேரும். "ஏபிஎன்ல பண்ணா கணக்குல வராது" என்ற பேச்சு தமிழ்ப் பிள்ளைகளிடையே நன்றாகவே உலவுகிறது. அது தவறு. விசாவையே பறிகொடுக்க வைக்கக்கூடிய தவறு.

விண்ணப்பம் இலவசம். ஆஸ்திரேலியன் பிசினஸ் ரெஜிஸ்டர் என்ற அரசுப் பதிவேட்டின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். தேடுபொறியில் 'ஏபிஎன்' என்று தட்டினால் அரசுத் தளம்போலவே தோன்றும் தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும். படிவத்தை நிரப்பித் தருவதற்கு அவை கட்டணம் வாங்கும். முகவரியின் இறுதியில் அரசுக்குரிய 'ஜிஓவி, ஏயு' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஏபிஎன் எடுத்துத் தருகிறேன் என்று வேலை தருபவரே உங்கள் சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடித்தால், அதற்கு நியாயம் எதுவும் கிடையாது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: வரி எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, மின்னஞ்சல், தொழில் நடக்கும் இடம், தொடங்கிய அல்லது தொடங்கப்போகும் தேதி, என்ன தொழில் என்ற விவரம். என்ன தொழில் என்பதைப் பொதுவாக 'சேவை' என்று எழுதாமல், 'வீடுகளில் துப்புரவு', 'பெண்கள் உடை தையல்', 'மென்பொருள் சோதனை' என்று குறிப்பாக எழுதுங்கள். முன்பு எப்போதாவது ஏபிஎன் எடுத்திருக்கிறீர்களா என்றும் கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது பெயரில். எல்லா விவரமும் வரித்துறைப் பதிவோடு பொருந்தினால் எண் அப்போதே திரையில் வந்துவிடும். பொருந்தவில்லை என்றால் ஓர் அலுவலர் கையில் எடுத்துச் சரிபார்ப்பார். அதற்கு 20 வேலை நாள்வரை ஆகலாம். தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. வங்கியில் முருகன் செல்வம், வரி எண்ணுக்கு விண்ணப்பித்தபோது செல்வம் முருகன், ஓட்டுநர் உரிமத்தில் எம். செல்வம் என்று ஒருவர் மூன்று பெயரில் இருப்பார். கல்யாணத்துக்குப் பின் அப்பா பெயருக்குப் பதில் கணவர் பெயரைச் சேர்த்த பெண்களுக்கும் இதே சிக்கல். கணினிக்கு இவர்கள் வெவ்வேறு ஆட்கள். அதனால் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன், வரித்துறையில் உங்கள் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, அதையே அப்படியே போடுங்கள். பதிவே தவறு என்றால் முதலில் வரித்துறையில் திருத்திவிட்டு வாருங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே காத்திருப்பு பெரும்பாலும் மிச்சம்.

ஒருவருக்கு ஒரு ஏபிஎன் போதும். பகலில் ட்யூஷன், வார இறுதியில் திருமணப் போட்டோ என்று இரண்டு தொழில் நடத்தினாலும் எண் ஒன்றுதான். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் வேறு பதிவு வேண்டாம். கவிதா ரவி என்பவர் கவிதா ரவி என்றே பில் கொடுக்கலாம். 'கவிதா டெய்லரிங்' என்று போட விரும்பினால் அந்தப் பெயரை ஏஎஸ்ஐசி என்ற அமைப்பிடம் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். அதற்கு ஏபிஎன் முதலில் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்தாலும் பெயர் உங்களுக்கே உரிமையாகிவிடாது. அதற்கு வணிகச் சின்னப் பதிவு தனி.

ஏபிஎன் எடுத்தவுடன் ஜிஎஸ்டியும் கட்டியாக வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஆண்டு விற்றுமுதல் 75,000 டாலரை எட்டினால்தான் பதிவு கட்டாயம். விற்றுமுதல் என்பது செலவு போன பின் நிற்கும் லாபம் அல்ல, வந்த மொத்தப் பணம். எல்லையைத் தொடப்போகிறது என்று தெரிந்த 21 நாளுக்குள் பதிய வேண்டும். பதிவு செய்யாதவர் பில்லில் 10 சதவீதம் ஜிஎஸ்டி என்று போட்டு வாங்கக் கூடாது, பில்லுக்கு 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்று தலைப்பும் போடக் கூடாது. வெறும் 'இன்வாய்ஸ்' போதும்.

இந்த 75,000 எல்லை டாக்சி ஓட்டுபவர்களுக்கும் ஊபர்போல ஆட்களை ஏற்றிச் செல்பவர்களுக்கும் கிடையாது. முதல் டாலரிலிருந்தே அவர்கள் ஜிஎஸ்டிக்குப் பதிந்திருக்க வேண்டும். உணவு மட்டும் கொண்டு போய்க் கொடுப்பவருக்கு வழக்கமான 75,000 எல்லைதான். இரண்டும் செய்தால், உணவு டெலிவரியில் வந்ததற்கும் ஜிஎஸ்டி கணக்குக் காட்ட வேண்டும். ஓட்டுநர்கள் இடறும் இன்னோர் இடமும் இருக்கிறது. பயணி கொடுத்தது 55 டாலர், செயலி தன் பங்காக 15 எடுத்துக்கொண்டு 40 டாலரை உங்கள் கணக்கில் போட்டது என்று வையுங்கள். ஜிஎஸ்டி கணக்கு 40க்கு அல்ல, 55க்கு. அதில் பதினொன்றில் ஒரு பங்கு, அதாவது 5 டாலர், அரசாங்கத்துடையது. செயலியின் கட்டணம், பெட்ரோல், வண்டிப் பராமரிப்பு ஆகியவற்றில் நீங்கள் கட்டிய ஜிஎஸ்டியை, தொழிலுக்குப் பயன்பட்ட அளவுக்குத் திரும்பக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ரசீது வேண்டும். கணக்கில் விழும் பணத்தை மட்டும் பார்த்து மாதக் கடைசியில் கணக்குப் போடுபவருக்குத் துண்டு விழுவது இதனால்தான்.

ஜிஎஸ்டிக்குப் பதிந்தவர்கள் பிஏஎஸ் என்ற காலாண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். கடைசி நாட்கள் அக்டோபர் 28, பிப்ரவரி 28, ஏப்ரல் 28, ஜூலை 28. அந்தக் காலாண்டில் ஒரு வருமானமும் இல்லை என்றாலும் 'ஒன்றும் இல்லை' என்று தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

வருமான வரிக்குச் சோல் டிரேடருக்கென்று தனி விகிதம் கிடையாது, மற்றவர்களுக்கு உள்ள அதே படிநிலைதான். வரி நோக்கில் ஆஸ்திரேலியக் குடியிருப்பாளருக்கு முதல் 18,200 டாலருக்கு வரி இல்லை. ஆனால் அதற்குக் கீழே சம்பாதித்தாலும் சோல் டிரேடர் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வரியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. நீங்களே தாக்கல் செய்தால் அக்டோபர் 31 கடைசி. ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்துகொண்டே மாலையில் ஏபிஎன்னில் வேலை செய்தால், 18,200 விலக்கு பெரும்பாலும் சம்பளத்திலேயே தீர்ந்துபோயிருக்கும். ஏபிஎன் வருமானத்துக்கு முதல் டாலரிலிருந்து வரி விழும்.

முதல் ஆண்டுதான் கஷ்டமானது. சம்பளக்காரருக்கு வாரா வாரம் வரி பிடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு முழுப் பணமும் கைக்கு வரும், அது முழுக்க உங்களுடையது என்று தோன்றும். ஆண்டு முடிந்து கணக்குத் தாக்கல் செய்ததும் மொத்த வரியும் ஒரே பில்லாக வரும். அதோடு, நடப்பு ஆண்டுக்கான முன்வரியைத் தவணையாகக் கட்டச் சொல்லும் கடிதமும் வரலாம். வருகிற ஒவ்வொரு தொகையிலும் கால் பங்கையாவது தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். நல்ல வருமானம் உள்ளவர்கள் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். தொழிலுக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கச் சோல் டிரேடரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, இருந்தாலும் வையுங்கள். இன்வாய்ஸ் நகல், ரசீது, வண்டி ஓடிய கிலோமீட்டர்க் குறிப்பு எல்லாம் ஐந்து ஆண்டு பத்திரமாக இருக்க வேண்டும். கைபேசியில் படம் எடுத்து வைத்தாலும் செல்லும்.

ரொக்கமாக வாங்கினால் தெரியாது என்ற எண்ணம் வேண்டாம். துப்புரவு, கட்டடம், கூரியர், ஐடி, பாதுகாப்பு ஆகிய துறைகளில் ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்த பணத்தை ஏபிஎன்னோடு சேர்த்து நிறுவனங்கள் ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தெரிவிக்கின்றன. ஆள் ஏற்றிச் செல்லும் செயலிகள் 2023 ஜூலை முதலும், மற்ற வேலைச் செயலிகள் 2024 ஜூலை முதலும் அப்படியே தெரிவிக்கின்றன. உங்கள் கணக்கு அவர்கள் கொடுத்த கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் விளக்கம் கேட்டு வரித்துறையிடமிருந்து கடிதம் வரும்.

சூப்பரானுவேஷனை யாரும் நினைவூட்டமாட்டார்கள். உங்கள் பெயரில் சோல் டிரேடராக இருந்தால் உங்களுக்கு நீங்களே சூப்பர் கட்டுவது கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதாலேயே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. சிறிய தொகையாவது போட்டு வையுங்கள். நிதியத்துக்கு உரிய அறிவிப்புப் படிவம் கொடுத்து அவர்களின் ஒப்புதல் வந்த பிறகு அதை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம்.

உதவி வேண்டுமென்றால் பதிவு பெற்ற வரி முகவரிடமோ பிஏஎஸ் முகவரிடமோ போங்கள். டாக்ஸ் பிராக்டிஷனர்ஸ் போர்டின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடலாம். தெரிந்த அண்ணன் ஒருவர் குறைந்த காசுக்குச் செய்து தருகிறார் என்று உங்கள் வரிக் கணக்கின் கடவுச்சொல்லை ஒப்படைக்காதீர்கள். அவர் தவறாகப் போட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வீடு மாறினாலோ மின்னஞ்சல் மாறினாலோ 28 நாளுக்குள் பதிவேட்டில் திருத்த வேண்டும். தொழிலை நிறுத்திவிட்டு நிரந்தர வேலைக்குப் போனாலும் ஊருக்கே திரும்பினாலும், அதே 28 நாளுக்குள் ஏபிஎன்னை ரத்து செய்ய வேண்டும். ஜிஎஸ்டிக்குப் பதிந்திருந்தால் கடைசி பிஏஎஸ் உள்பட நிலுவையில் இருப்பவை எல்லாவற்றையும் தாக்கல் செய்துவிட வேண்டும். பிற்பாடு மறுபடி சோல் டிரேடராகத் தொடங்கி விண்ணப்பித்தால் அதே பழைய எண்ணைத்தான் திரும்பத் தருவார்கள்.